எப்சிபாளின் பதினோரு சுருதி

“என் சம்சாரத்துக்கு என் பாட்டு வேண்டாமாம், அம்மா. ஒங்க பாட்டுதான் வேணுமாம்.”

எப்சிபாள் அம்மாள் தலையைத் தூக்கவில்லை. சாளை மீனின் தலையைக் கிள்ளிப் பூனைக்குப் போட்டார்.

“கேட்டியா பிள்ள?” என்றார் பூனையிடம். “பாளையங்கோட்டையில இருந்து காரு எடுத்துட்டு வந்து கோள் சொல்லுதாரு.”

கோள் சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. எட்வின் தவராஜ். ஐம்பத்தொரு வயது. அவர் பாட வருகிறார் என்றால் கன்வென்ஷன் பந்தலை இரண்டு மடங்கு நீட்டிப் போடுவார்கள். ஒரு பாட்டுக்கு நாற்பது வயலின் வைத்துப் பதிவு செய்கிறவர். அப்பேர்ப்பட்டவர் ஆறுதல்புரத்தில் ஒரு மீன்சட்டிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் பெண்கள் பாயில் உட்கார்ந்தபடிதான் பாடலாம் என்றிருந்த காலம். ஒரு கன்வென்ஷன் பந்தலில் பாட வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, பதினேழு வயது எப்சிபாள் எழுந்து போய் முன்னால் நின்றாள். கீர்த்தனையைக் கும்மி மெட்டில் பாடினாள். மூப்பர்கள் கொதித்துப் போய்ப் போதகருக்கு மனு எழுதினார்கள். அந்த மனுவில் கையெழுத்துப் போட்ட ஒன்பது பேருடைய அடக்கத்துக்கும் பின்னாளில் பாடியது எப்சிபாள்தான்.

இப்போது எழுபத்து நாலு வயது. மேல் ஸ்தாயி போய்விட்டது. நடுவிலும் குரல் உடைகிறது. ஆனாலும் சனங்கள் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். என்றைக்கோ யாரோ கூட்டத்தில் வைத்துப் பதிந்த கேசட்டுகள், இரைச்சலும் இருமலும் குழந்தை அழுகையுமாக, இன்றைக்கு எல்லார் செல்போனிலும் ஓடுகின்றன.

“ஒம்ம வீட்டுக்காரி என்னதான் சொன்னா?”

“‘ஒங்க பாட்டு பெரிய பாட்டு, வீட்டுக்குள்ள கொள்ளல’ன்னு சொன்னா.”

அம்மாள் அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்த பிறகுதான் தவராஜின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“திங்கக்கெழம அவளுக்கு ஆபரேஷன், அம்மா. கழுத்துல. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வீட்டுல ஜெபம் வச்சிருக்கோம். அதுல ஒங்க ‘விடியுமட்டும்’ பாட்டப் போட்டா போதுமாம். நான் பாட வேண்டாமாம்.”

“அப்பம் அதப் போடும். போனுலதான் இருக்காமே.”

“இல்லம்மா. நான் பாடணும்.”

“ஏன்?”

தவராஜ் முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“இருபத்து நாலு வருஷத்துல ஊரு ஊராப் பாடியாச்சு. அவளுக்குன்னு ஒரு நாள் பாடினதில்ல. ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னால அவளுக்கு நான் பாடணும். அவ்வளவுதான். ஒங்க பாட்டுல அப்பிடி என்ன இருக்குன்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க.”

அம்மாள் அடுத்த மீனை எடுத்தார்.

“நான் சும்மா வரல. ஆராஞ்சு பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்,” என்று தவராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். “‘விடியுமட்டும்’ பாட்டு மொத்தம் பதினோரு பதிவு இருக்கு. ஒரே பாட்டு. பாடினது ஒரே ஆளு. ஆனா பதினொண்ணுலயும் பதினோரு சுருதி!”

ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பாடுகிறோமோ அதுதான் பாட்டின் சுருதி. அவரவர் தொண்டைக்கு ஒத்து வருகிற கட்டை ஒன்று இருக்கும். பாடகர்கள் அதைக் கண்டுபிடித்த பிறகு லேசில் மாற்ற மாட்டார்கள். தவராஜ் முப்பது வருஷமாக இரண்டு கட்டைதான்.

“ஒரு கேசட்டுல ஒண்ணரை. ஒரு கேசட்டுல நாலு. ஒண்ணுல ஆறரைக்கு ஏறிட்டிய. மொதல்ல கேசட்டு ஓடுற வேகம் கூடிக் கொறஞ்சிருக்கும்னு நெனச்சேன். இல்ல, சரியாத்தான் ஓடுது. பெறகு தொண்டக்கட்டா இருக்கும்னு நெனச்சேன். ஒரே வாரத்துல ரெண்டு கூட்டம், ரெண்டு சுருதி. தொண்டக்கட்டும் இல்ல. மூணு நாளா எனக்கு வேற வேலையே ஓடல அம்மா. இதுலதான் என்னமோ இருக்கு.”

அம்மாளுக்கு இந்த ஆள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. பிடிவாதக்காரர்களை அவருக்குப் பிடிக்கும்.

“பதினொண்ணுல எதக் கேக்கா ஒம்ம வீட்டுக்காரி?”

தவராஜ் நோட்டைப் புரட்டினார். நோட்டில் அது இல்லை.

“ஏதோ ஒண்ணு. கவனிக்கல.”

அம்மாள் மீன்சட்டியை மூடிவிட்டுக் கையைக் கழுவினார்.

“அந்த ஆர்மோனியத்தத் தூக்கும்.”

“எங்கம்மா?”

“எனக்குப் பெட்டி வாசிக்கிற செபமணி மக வீட்டுக்குப் போயிட்டான். ரெண்டு வீட்டுக்குப் பாடப் போவணும். நீரு வந்து வாசியும்.”

“என் கேள்விக்குப் பதிலு?”

“தூக்கும்வே.”

தூக்கினார். அம்மாள் நடந்துதான் வருவார் என்று எதிர்பார்த்தார். அவரோ காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, “ஏசியக் கூட்டி வையும்,” என்றார்.

*

முதல் வீட்டில் கிங்ஸ்லி என்ற லாரி டிரைவர் கட்டிலில் கிடந்தான். விபத்தில் கால் முறிந்து, இடுப்புவரை மாவுக்கட்டு. இரண்டு மாதமாக விட்டத்தைப் பார்த்தபடியே கிடக்கிறான், ஜெபத்துக்கு யார் வந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று அவன் அம்மா வாசலிலேயே சொல்லி மூக்கைச் சிந்தினாள். பத்துப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

தவராஜ் ஆர்மோனியத்தைத் திறந்து ஐந்து கட்டையில் விரலை வைத்தார். பெண்கள் நிறைந்த வீடு. பாடுவதும் பெண். ஐந்துதான் சரி.

அம்மாள் ஆர்மோனியத்தின் பக்கமே வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“உள்ள அரிக்குதா?”

கிங்ஸ்லி திரும்பிப் பார்த்தான். வருகிறவர்கள் எல்லாம் விசுவாசத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரிப்பைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

“உயிரு போவுதும்மா.”

“எத வச்சுச் சொறிவ?”

“பிள்ளையோட ஸ்கேல விட்டு.”

“உள்ள விழுந்துட்டுன்னா?”

“ஒருக்கா விழுந்துட்டு. ஆஸ்பத்திரியில போயித்தான் எடுத்தோம். டாக்டரு ஏசிட்டாரு.”

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான். அவர்கள் பாட்டுக்கு ஸ்கேலைப் பற்றியும் டாக்டரைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார்கள். தவராஜுக்கு ஆர்மோனியத்தின் துருத்தியைப் பிடித்துப் பிடித்துக் கை கடுத்தது. பாட வந்த இடத்தில் என்ன வெட்டிப் பேச்சு என்று நினைத்தார்.

திடீரென்று அம்மாள் திரும்பினார்.

“ஒண்ணரை போடும்.”

“ஒண்ணரையா? அது ஆம்பிளச் சுருதியில்லா?”

“போடும்.”

அம்மாள் ‘விடியுமட்டும்’ பாடினார். ஒன்றரைக் கட்டையில் அவர் குரல் அடித்தொண்டைக்குப் போய்க் கரகரத்தது. கேட்க அழகாக இல்லை. இரண்டாவது அடியில் கிங்ஸ்லி உதட்டை அசைத்தான். நாலாவது அடியில் பாடினான். அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

தவராஜ் இதை எல்லாம் பார்க்கவில்லை. ஒரு கையால் வாசித்தபடி, மறு கை ஓய்ந்த நேரத்தில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

‘ஒன்றரை. காலை பத்தே முக்கால். தகரக் கூரை. எதிரொலிக்காக இருக்குமோ?’

*

இரண்டாவது வீடு துக்க வீடு.

மேரி டீச்சர் முந்தின நாள் சாயங்காலம் காலமாகிவிட்டார். மூன்று மணிக்கு அடக்கம். அவருடைய வீட்டுக்காரர் பொன்னையா வாத்தியாருக்கு எண்பத்தொரு வயது. தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மகள் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா நேத்துல இருந்து ஒரு வார்த்த பேசல. ஒரு சொட்டுக் கண்ணீரு விடல. எங்களுக்குப் பயமா இருக்கு. நீங்க பாடினா அழுதுருவாகன்னு பாக்கோம்.”

அம்மாள் வாத்தியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சார்வாள், காப்பி குடிச்சியளா?”

பதில் இல்லை.

“ராத்திரி கண்ணு மூடினியளா?”

பதில் இல்லை.

அம்மாளும் பேசாமல் இருந்தார். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பாட்டு மறந்துபோயிருக்கும் என்று ஒருவர் இரக்கப்பட்டார்.

தவராஜ் குனிந்து, “ஆரம்பிப்போமா அம்மா?” என்றார்.

“எதுல ஆரம்பிக்க?”

“ஏதாவது ஒண்ணுல ஆரம்பிப்போம். சனங்க காத்திருக்காங்க.”

அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். காலையில் பூனையைக்கூட அதைவிட மரியாதையாகப் பார்த்திருந்தார்.

பிறகு வாத்தியார் பக்கம் சாய்ந்தார். ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படிதான் பேசினார்.

“சார்வாள், ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. நம்ம மேரி டீச்சருக்கு எல்லாம் நல்லா வரும். பாட்டு மட்டும் வராது. கோயில்ல அவுக வாயத் தொறந்தா எனக்குச் சுருதியே போயிரும்.”

மகளின் வாய் திறந்தபடி நின்றது. செத்தவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? தவராஜுக்கே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

வாத்தியாரின் தலை மெல்ல நிமிர்ந்தது.

“யாரு சொன்னா?”

“நான்தான் சொல்லுதேன்.”

“அவ நல்லாப் பாடுவா!” வாத்தியார் கத்தினார். “அடுக்களையில நின்னு பாடுவா. அம்பத்தஞ்சு வருஷமா அந்தப் பாட்டக் கேட்டுத்தான் நான் முழிச்சேன். ஒனக்கு என்னட்டி தெரியும்?”

“ரெண்டரை போடும், தம்பி,” என்றார் அம்மாள்.

தவராஜ் குனிந்து பார்த்தார். அவர் விரல் ஏற்கெனவே இரண்டரைக் கட்டையில்தான் இருந்தது.

சங்கீதக்காரன் விரல் அது. பக்கத்தில் ஒரு மனிதர் கத்தினால், கேட்காமலேயே அந்தச் சத்தத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். வாத்தியார் கத்தியது இரண்டரைக் கட்டையில்.

தவராஜ் விரலை எடுக்காமல் துருத்தியை அழுத்தினார்.

அம்மாள் பாடினார். இரண்டாவது அடியின் மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்து வாத்தியார் எடுத்துப் பாடினார். அவர் குரலுக்கு அந்த இடம் சிரமமாகவே இல்லை. முழு அடியையும் பாடி முடித்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியின் மேல் தலையை வைத்து அழுதார். மகள் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். பந்தலே சேர்ந்து பாடியது.

*

அடக்கம் முடிந்து, வேப்பமரத்து நிழலில் நிறுத்தியிருந்த காருக்கு வந்ததும் தவராஜ் ஆர்மோனியத்தைக் கீழே வைத்தார்.

“கண்டுபிடிச்சிட்டேன்!”

அம்மாள் துக்க வீட்டில் கொடுத்த கருப்பட்டிக் காப்பியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஒங்களுக்குன்னு ஒரு சுருதியே கெடையாது. எந்த வீட்டுக்குப் போறியளோ, அந்த வீட்டுல யாருக்கு ரொம்ப வலிக்குதோ, அவுங்கள மொதல்ல பேச விடுதிய. அவுங்க பேச்சுல இருந்துதான் சுருதி எடுக்கிய. அதான் பதினோரு கூட்டத்துல பதினோரு சுருதி!”

“உம்.”

“அந்த ஆளு வாயத் தொறந்தா அவருக்கே தெரியாம பாட்டுக்குள்ள வந்துருதாரு. பின்னால கேசட்டக் கேக்கிறவனுக்கும் பதினொண்ணுல ஒண்ணு அவன் தொண்டைக்கு ஒத்து வந்துருது. சரியா?”

“சரிதான்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

தவராஜுக்குத் தரையில் கால் பாவவில்லை. மூன்று நாள் தூக்கம் கெட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது. கேள்விக்குப் பதில் கிடைத்த சந்தோஷத்தில் அந்த மனிதர் துக்க வீட்டு வாசலில் நிற்கிறோம் என்பதைக்கூட மறந்துவிட்டார். காரின் பின்கதவைத் திறந்து, சீட்டில் ஆர்மோனியத்தை வைத்துத் துருத்தியை விடுவித்தார்.

“இப்பமே ஒருதரம் பாடிப் பாத்துக்கிடுதேன். நீங்க கேட்டுத் தப்பிருந்தா சொல்லுங்க. ஞாயித்துக்கெழம அவ அசந்து போவணும்.”

“பாடும்.”

துருத்தி மூச்சு வாங்கியது. அவர் விரல் கட்டைகளுக்கு மேலே வந்து நின்றது.

அம்மாள் டம்ளரைக் கவிழ்த்து மிச்சத்தை மண்ணில் ஊற்றினார்.

“ஒம்ம வீட்டுக்காரி எந்தக் கட்டையில பேசுவா?”

தவராஜின் விரல் நாலுக்குப் போனது, ஐந்துக்குப் போனது, எதிலும் உட்காரவில்லை.

பாளையங்கோட்டையில் எந்தக் கோயில் மணி என்ன கட்டை என்று அவருக்குத் தெரியும். தன் வீட்டு மிக்சி மூன்று கட்டை. ஸ்டூடியோ வாசலில் வருகிற காய்கறி வண்டிக்காரர் ஆறு கட்டையில் கூவுவார். எல்லாம் தெரியும்.

கண்ணை மூடி, மனைவியின் குரலை வரவழைக்கப் பார்த்தார். ‘சாப்பாடு எடுத்து வைக்கவா?’ வார்த்தை வந்தது. சத்தம் வரவில்லை. ‘எப்பம் வருவிய?’ அதுவும் அப்படித்தான். அவள் பேசும்போதெல்லாம் அவர் தலைக்குள் ஏதாவது ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இருபத்து நாலு வருஷம். அவருக்கு வெட்கமாக இருந்தது. அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செல்போனை எடுத்தார். ஒலியைக் கூட்டி, ஆர்மோனியத்தின் மேல் வைத்தார்.

“சொல்லுங்க,” என்றாள் சுகிர்தா.

ஒற்றை வார்த்தை. அதை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது.

“பேசு,” என்றார் தவராஜ்.

“என்ன பேச?”

“எதையாவது பேசு.”

“எங்க இருக்கிய? ஒடம்புக்கு எதுவும் பண்ணுதா?”

“நல்லாத்தான் இருக்கேன். நீ பேசு. ஒன் இஷ்டத்துக்குப் பேசு.”

பிறகு அவள் பேசினாள். காலையிலிருந்து மோட்டார் ஓடவில்லை. பக்கத்து வீட்டு ஜாய்ஸ் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தாள். பாவம், அவளுக்கே மூட்டு வலி. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குச் சுண்டல் போதுமா, இல்லை கேசரியும் கிண்ட வேண்டுமா?

தவராஜின் விரல் தேடியது. நாலு. இல்லை, கொஞ்சம் மேலே. நாலரை. இல்லை, அதுவும் இல்லை. பேச்சு நாலில் தொடங்கி, வாக்கியம் முடிகிற இடத்தில் இறங்கியது. அவள் இப்படி இறக்கித்தான் முடிப்பாளா? எப்போதுமே இப்படித்தானா? அவர் செல்போனின் பக்கம் இன்னும் குனிந்தார்.

பேச்சு நின்றுவிட்டது.

“சுகிர்தா?”

“இருக்கேன்.”

“பேசு.”

“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.” குரல் மூன்றுக்கு இறங்கியிருந்தது. “அன்னைக்கு டாக்டரு சொன்னாரு. நீங்க ரெக்கார்டிங்ல இருந்திய. பெறகு சொல்லுவோம்னு இருந்தேன். சொல்ல வாய்க்கவே இல்ல.”

தவராஜின் விரல் மூன்று கட்டைக்கு நகர்ந்தது.

“ஆபரேஷனுக்குப் பெறகு என் குரலு மாறினாலும் மாறிருமாம். பழைய மாதிரி வராமலும் போவலாமாம். எனக்குப் பயமா இருக்கு.”

விரல் கட்டையை விட்டு வந்தது. பிடிப்பாரில்லாமல் துருத்தி மெதுவாகக் காற்றை விட்டது. எப்சிபாள் அம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கிற சாக்கில், துக்க வீட்டைப் பார்த்து நடந்தார்.

“கேக்குதியளா?”

தவராஜ் ஆர்மோனியத்தை மூடினார்.

“கேக்குதேன், சுகிர்தா. பேசு.”